130 பெரிதா, 78 பெரிதா? 1982-இன் பேஸ் திருட்டுக் கணக்கு

வாசகர் கேள்வி, 21 டிசம்பர் 2024

பேஸ்பால் வீரர் ரிக்கி ஹெண்டர்சன் காலமான செய்தியைப் போட்ட எல்லோரும் 1982-இல் அவர் திருடிய 130 பேஸைத்தான் முதலில் சொல்கிறார்கள். அதே வருடம் 42 முறை மாட்டிக்கொண்டாராமே? அதைக் கழித்தால் அந்த 130-இல் என்ன மிச்சம்? அந்த வருடம் உண்மையில் யார் முதல்?

21 டிசம்பர் 2024, இரவு

மிச்சம் 130-தான். எதையும் கழிக்க வேண்டாம்.

புதியவர்களுக்கு: ரன் எடுக்க வரிசையாகத் தொட்டு ஓட வேண்டிய இடங்கள்தான் பேஸ். பேட்டர் அடிக்கும்வரை காத்திராமல் ஓடி அடுத்த பேஸைப் பிடித்தால் திருட்டு, அதற்குள் தொட்டுவிட்டால் மாட்டல், ஆள் அவுட். பட்டியலைப் பாருங்கள். அமெரிக்க பேஸ்பாலில் இரண்டு லீக். அமெரிக்கன் லீக்கில் ஓக்லாண்டின் ரிக்கி 130. அவருக்கு அடுத்தவர் டொராண்டோவின் டமாசோ கார்சியா, 54. முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் நடுவே 76 பேஸ். சியாட்டிலின் ஹூலியோ க்ரூஸ் 46, மில்வாக்கியின் பால் மோலிட்டர் 41. நேஷனல் லீக்கில் மான்ட்ரியலின் டிம் ரெய்ன்ஸ் 78, செயின்ட் லூயிஸின் லானி ஸ்மித் 68, பிட்ஸ்பர்க்கின் ஓமர் மொரேனோ 60, நியூயார்க் மெட்ஸின் மூக்கி வில்சன் 58.

1974-இல் லூ ப்ராக் வைத்த சாதனை 118. எட்டு வருடம் அது அசையவில்லை. ஓக்லாண்டின் பச்சை மஞ்சள் சட்டையில் 24-ஆம் எண்ணோடு 23 வயதுப் பையன் ஒருவர் வந்து அதைத் தாண்டி இன்னும் 12 சேர்த்து வைத்தார். 42 வருடம் ஆகிறது, யாரும் பக்கத்தில் போகவில்லை. இதில் கழித்தல் கணக்குப் போட மனம் வரவில்லை.

22 டிசம்பர், காலை

“பேஸைத் திருடுவது என்றால் கிரிக்கெட்டில் ரன் எடுப்பது மாதிரியா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கிரிக்கெட்டை விடுங்கள். கிளித்தட்டு ஆடியிருந்தால் சட்டென்று புரியும். கோட்டில் நிற்பவனின் தோளையும் காலையும் பார்த்துக்கொண்டே நின்று, அவன் எடை ஒரு காலில் விழுந்த நொடியில் மறுபக்கம் பாய்வோமே, அதுதான் இது.

முதல் பேஸில் இருப்பவர் பேஸை விட்டு மூன்று நான்கு எட்டு, சுமார் 12 அடி, தள்ளி நிற்பார். இதற்கு லீட் என்று பெயர். பிட்சர் பந்தை வீசத் தொடங்கியதும் இரண்டாம் பேஸை நோக்கி ஓட்டம். பந்து கேட்சர் கைக்குப் போக ஏறக்குறைய 1.3 விநாடி. கேட்சர் பிடித்து, எழுந்து, இரண்டாம் பேஸுக்கு எறிய 2 விநாடி. இரண்டு பேஸ்களுக்கும் இடையே 90 அடி, அதில் 12 போக 78 அடி. அதை 3.3 விநாடிக்குள் ஓடிச் சறுக்கி முடிக்க வேண்டும்.

பிட்சர் பேட்டருக்கு வீசாமல் திரும்பி முதல் பேஸுக்கே எறிந்தும் ஆளைப் பிடிக்கலாம். அதனால் பார்வை முழுக்கப் பிட்சரின் குதிகாலில் இருக்கும். வலக்கைப் பிட்சரானால், இடது குதிகால் முதலில் எழுந்தால் பேட்டருக்கு வீசப் போகிறார். வலது குதிகால் எழுந்தால் இங்கே எறியப் போகிறார். என் மகனுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இதுதான்.

22 டிசம்பர், நள்ளிரவு

கழிக்க மாட்டேன் என்று நேற்றுச் சொல்லிவிட்டுப் படுத்தால் தூக்கம் வரவில்லை. எழுந்து கழித்துப் பார்த்தேன்.

பேஸ்பால் புள்ளிவிவரம் பார்ப்பவர்கள் பொதுவாக வைத்துக்கொள்ளும் தோராய மதிப்பு இது: ஒரு பேஸ் திருடினால் அணிக்கு 0.2 ரன் லாபம். மாட்டிக்கொண்டால் 0.4 ரன் நஷ்டம். ஒரு ஓட்டக்காரரும் போகிறார், இன்னிங்ஸின் மூன்று அவுட்டில் ஒன்றும் போகிறது, அதனால்தான் நஷ்டம் இரண்டு மடங்கு. மூன்று முறை ஓடினால் இரண்டு முறையாவது தப்ப வேண்டும், அப்போதுதான் கைக்கும் வாய்க்கும் சரியாக இருக்கும்.

ரிக்கி: 130 திருட்டு, லாபம் 26. 42 மாட்டல், நஷ்டம் 16.8. மிச்சம் 9.2.

ரெய்ன்ஸ்: 78 திருட்டு, லாபம் 15.6. 16 மாட்டல், நஷ்டம் 6.4. மிச்சம் 9.2.

இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். இரண்டும் 9.2-தான்.

130-உம் 78-உம் ஒன்று என்று தாளில் வந்து நிற்கிறது. கேள்வி கேட்டவர் சும்மா கேட்கவில்லை.

23 டிசம்பர்

திருத்தம். 24-ஆம் எண் என்று எழுதியது என் தவறு. ஓக்லாண்டில் அந்தக் காலத்தில் ரிக்கி போட்டிருந்தது 35. 24 அவர் 1985-இல் யாங்கீஸ் அணிக்குப் போன பிறகு வந்தது. நான் நேரில் பார்த்த ரிக்கி 24 என்பதால் மனதில் அதுவே பதிந்துவிட்டது. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி.

24 டிசம்பர்

அந்த 9.2 ஏன் சமமாக வந்தது என்று பார்த்தேன்.

முதலில் வாய்ப்பு. 1982-இல் ரிக்கி முதல் பேஸுக்கு வந்து நின்றது எத்தனை முறை? ஒற்றை ஹிட் (அடித்து முதல் பேஸ்வரை வந்தது) 105, வாக் (பிட்சர் நான்கு பந்தைத் தவறாக வீசியதால் இலவசமாகக் கிடைத்த முதல் பேஸ்) 116. மொத்தம் 221. ரெய்ன்ஸுக்கு ஒற்றை ஹிட் 135, வாக் 75. மொத்தம் 210. இரண்டு பேருக்கும் கதவு ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் திறந்திருக்கிறது. ரெய்ன்ஸ் 94 முறை ஓடினார். ரிக்கி 172 முறை ஓடினார்.

வித்தியாசம் 78 ஓட்டம். அந்த 78-இல் கூடுதல் திருட்டு 52, கூடுதல் மாட்டல் 26. மூன்றுக்கு இரண்டு. அதாவது ரெய்ன்ஸை விட ரிக்கி அதிகமாக ஓடிய ஒவ்வொரு ஓட்டமும், மொத்தமாகப் பார்த்தால், அணிக்கு லாபமும் தரவில்லை நஷ்டமும் தரவில்லை. சாதனையைத் தந்தது அந்த 78 ஓட்டம்தான்.

ரெய்ன்ஸ் 100-க்கு 83 முறை தப்பினார். ரிக்கி 100-க்கு 76-க்குச் சற்றுக் குறைவு. 42 முறை மாட்டியதும் ஒரு சாதனைதான், ஒரே சீசனில் அத்தனை முறை யாரும் மாட்டியதில்லை. ப்ராக் 118 திருடிய 1974-இல் மாட்டியது 33. அதற்கு முன் 1962-இல் மோரி வில்ஸ் 104 திருடினார், மாட்டியது 13 முறைதான். வில்ஸுக்கு இதே கணக்கைப் போட்டால் 15.6 வருகிறது.

கேள்விக்கு நேரடி பதில் வேண்டுமென்றால் இன்றைக்கு என் பதில் இது: 1982-இல் சிக்கனமாக ஓடியவர்களில் முதல் ரெய்ன்ஸ். இதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

25 டிசம்பர்

இன்று ரிக்கியின் பிறந்தநாள். இருந்திருந்தால் 66. 1958 கிறிஸ்துமஸ் அன்று சிகாகோவில், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் காரின் பின் இருக்கையிலேயே பிறந்தவர். பிறந்ததே அவசரத்தில்தான் என்று அவரே சொல்லி மகிழ்வார்.

வளர்ந்தது ஓக்லாண்டில். அமெரிக்கக் கால்பந்துதான் அவருக்கு உயிர். பேஸ்பாலுக்கு இழுக்கப் பள்ளியின் ஆலோசகர் அம்மா ஒருவர் ஒவ்வொரு ஹிட்டுக்கும், ஒவ்வொரு ரன்னுக்கும், ஒவ்வொரு திருட்டுக்கும் 25 சென்ட் கொடுத்தாராம். 2009-இல் பேஸ்பால் புகழ் மன்றத்தில் சேர்த்தபோது மேடையில் அவரே இதைச் சொன்னார்.

இனி என் கதை. 1998-இல் சென்னையிலிருந்து ஃப்ரீமான்ட்டுக்கு வேலைக்கு வந்தேன். இரண்டாயிரமாம் ஆண்டுக் கணினிச் சிக்கலுக்காக ஆட்களை அள்ளிக்கொண்டு வந்த நேரம். பேஸ்பால் பற்றி ஒன்றும் தெரியாது. ஆகஸ்டில் ஒரு நாள் கூட வேலை பார்த்தவர் ஓக்லாண்டு கொலிசியத்துக்கு அழைத்துப் போனார். பார்ட் ரயிலில் இறங்கி, அந்த நீளமான நடைபாலத்தைத் தாண்டினால் மைதானம். கூட்டமே இல்லை. வேண்டிய இடத்தில் உட்காரலாம் என்று முதல் பேஸ் பக்கம் கீழே இறங்கி உட்கார்ந்தோம்.

ரிக்கி வாக் வாங்கி முதல் பேஸுக்கு வந்தார். வயது 39 என்று நண்பர் சொன்னார், நம்பவில்லை. குனிந்து, முழங்காலை மடக்கி, கைகளைத் தொங்கவிட்டு நின்றார். உடம்பு அசையவில்லை. தொங்கிய கைகளின் விரல்கள் மட்டும் வீணை வாசிப்பதுபோல ஆடிக்கொண்டே இருந்தன. பிட்சர் ஒரு முறை முதல் பேஸுக்கு எறிந்தார், ரிக்கி சாவகாசமாகத் திரும்பி வந்து பேஸைத் தொட்டார். இன்னொரு எறிதல். மறுபடி வந்தார். மூன்றாவது முறை பிட்சரின் இடது குதிகால் எழுவதை நான் பார்க்கவே இல்லை, அதற்குள் ரிக்கி பாதி தூரத்தில் இருந்தார். தலை முன்னால் போக, மார்பு மண்ணை உரச, கை நீட்டி பேஸைப் பிடித்தார். எழுந்து இடுப்புத் தூசியைத் தட்டினார். அவ்வளவுதான். அந்த இரவிலிருந்து இந்த விளையாட்டை விடமுடியவில்லை.

அந்த 1998-இல் அவர் 66 திருடி அமெரிக்கன் லீக்கில் முதலாவதாக வந்தார். பேட்டிங் சராசரி .236-தான், அதாவது 1000 முறைக்கு 236 ஹிட், ஆனால் 118 வாக். முதல் பேஸுக்கு வந்து சேர எந்த வழியும் அவருக்குச் சம்மதம்.

26 டிசம்பர்

1998-க்கும் கணக்குப் போடச் சொல்லி இருவர் கேட்டிருந்தார்கள். 66 திருட்டு, 13 மாட்டல். மிச்சம் 8. 39 வயதில் 8, 23 வயதில் 9.2.

இதைப் பார்த்து அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

27 டிசம்பர்

ரிக்கி ப்ராக்கின் சாதனையை முறியடித்த 1982 ஆகஸ்ட் 27 பற்றிக் கேட்டவருக்கு.

இடம் மில்வாக்கி. ரிக்கி அப்போது ப்ராக்கின் 118-ஐச் சமன் செய்திருந்தார். மூன்றாம் இன்னிங்ஸ், இரண்டு அவுட், ரிக்கி வாக் வாங்கி முதல் பேஸுக்கு வந்துவிட்டார். பிட்சர் டாக் மெடிச். அந்த ‘டாக்’ வெறும் பட்டப்பெயர் இல்லை, மருத்துவம் படித்த டாக்டரேதான். கேட்சர் டெட் சிம்மன்ஸ். 1974-இல் ப்ராக் 118 திருடியபோது அதே செயின்ட் லூயிஸ் அணியில் கேட்சராக இருந்தவர் இந்த சிம்மன்ஸ். ப்ராக்கும் அன்று மைதானத்தில் இருந்தார்.

மெடிச் முதல் பேஸுக்கு எறிந்தார். மறுபடி. மறுபடி. நான்கு முறை. அரங்கில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், இந்த ஆள் ஓடப் போகிறார் என்று. ரிக்கி ஓடுவார் என்று கணித்து சிம்மன்ஸ் பிட்ச்-அவுட் கேட்டார், அதாவது பேட்டருக்கு எட்டாமல் பந்தை வெளியே வீசச் சொல்லி, நின்றபடியே பிடித்து உடனே எறிவது. கேட்சருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. அப்படியும் ரிக்கி தலைமுன் சறுக்கில் உள்ளே போய்விட்டார். 119. அன்றே இன்னும் மூன்று திருடி 122-இல் நிறுத்தினார். ஆட்டத்தில் ஓக்லாண்டு 5-4 என்று தோற்றது.

இப்போது ஒன்று கவனியுங்கள். 2023-இல் வந்த விதிப்படி, ஒரு பேட்டர் நிற்கும்போது பிட்சர் இரண்டு முறைதான் அப்படி எறியலாம். மூன்றாவது முறை எறிந்து ஆளை அவுட் ஆக்காவிட்டால் அது ‘பாக்’ என்ற விதிமீறல், ஓட்டக்காரருக்கு பேஸ் இலவசம். மெடிச் எறிந்தது நான்கு முறை. பேஸும் 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாகி, இரண்டு பேஸுக்கும் நடுவே நாலரை அங்குலம் குறைந்திருக்கிறது. இந்தச் சலுகையெல்லாம் சேர்ந்த 2023-இல் முதலாவது வந்த ரொனால்ட் அகுன்யா திருடியது 73, மாட்டியது 14. மிச்சம் 9.0.

அகுன்யாவைக் குறைத்துச் சொல்லவில்லை. அதே சீசனில் 41 ஹோம் ரன் அடித்தவர். ஆனால் 1982-இன் 42 மாட்டலை எண்ணும்போது ஒருவர் எத்தனை முறை வேண்டுமானாலும் எறியலாம் என்றிருந்த காலம் அது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். 24-ஆம் தேதி நான் எழுதியதில் இது இல்லை.

28 டிசம்பர்

ரிக்கிக்கு வழிவிட அவருடைய அணியின் ஃபிரெட் ஸ்டான்லி வேண்டுமென்றே அவுட் ஆனாராமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆமாம், உண்மை. ஆகஸ்ட் 24, ஓக்லாண்டில் டெட்ராய்ட்டுக்கு எதிரே. ரிக்கி 117-இல் நிற்கிறார், சாதனையைச் சொந்த ஊர் மக்கள் முன்னால் முடிக்க மேனேஜர் பில்லி மார்டினுக்கு ஆசை. ரிக்கி முதல் பேஸில், ஆனால் இரண்டாம் பேஸில் ஸ்டான்லி நிற்கிறார், வழி அடைத்திருக்கிறது. ஸ்டான்லி வேண்டுமென்றே பேஸை விட்டுத் தள்ளிப் போய் அவுட் ஆனார். பிறகு ரிக்கி ஓடினார், அவுட் என்று அம்பயர் கை தூக்கிவிட்டார்.

அணிக்கு அன்று இரண்டு அவுட் போனது. 42-இல் ஒன்று இது. இதை மட்டும் என்னால் நியாயப்படுத்த முடியாது. ஒருவரின் சாதனைக்காக இன்னொருவரை வலிய அவுட் ஆக்குவது எனக்குப் பிடிக்கவில்லை.

5 ஜனவரி 2025

விடுமுறை முடிந்தது. பட்டியலில் மற்றவர்களுக்கும் கணக்குப் போட்டேன், சில இடத்தில் ஆச்சரியம்.

லானி ஸ்மித் 68 திருடி 26 மாட்டல், மிச்சம் 3.2. மொரேனோ 60-க்கு 26 மாட்டல், மிச்சம் 1.6. சீசன் முழுக்க ஓடி ஓடி ஒன்றரை ரன். மூக்கி வில்சன் 58-க்கு 16, மிச்சம் 5.2. மோலிட்டர் 41-க்கு 9, மிச்சம் 4.6. பட்டியலில் எங்கோ கீழே இருக்கும் மோலிட்டர் லானியைத் தாண்டுகிறார்.

என்னைக் கட்டிப்போட்டவர் கன்சாஸ் சிட்டியின் ஜான் வாதன். கேட்சர். ஆட்டம் முழுக்கக் குந்தி உட்கார்ந்து எழும் வேலை, முழங்கால் தேய்ந்துபோகும் வேலை. சீசன் நடுவில் கணுக்கால் முறிந்து வெளியே இருந்துவிட்டுத் திரும்பியவர். 36 திருடினார், மாட்டியது 9. கேட்சர்களில் 1916-இலிருந்து ரே ஷால்க் வைத்திருந்த 30-ஐ முறியடித்தார். மிச்சம் 3.6, லானியைவிட அதிகம். கேட்சர்தானே என்று அவரை யாரும் பெரிதாகக் காவல் காத்திருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம். மெடிச் போல நான்கு முறை எறிந்து பார்க்க யாருக்கும் தோன்றியிருக்காது.

லானியை இதோடு விட்டுவிட முடியாது. அவருடைய செயின்ட் லூயிஸ் அணி அந்த வருடம் 200 பேஸ் திருடியது, ஹோம் ரன் வெறும் 67. இரண்டு லீக்கின் வெற்றியாளர்களும் மோதும் உலகத் தொடரில் எதிரே மில்வாக்கி, 216 ஹோம் ரன் அடித்த அணி. ஏழு ஆட்டம் போய்ச் செயின்ட் லூயிஸ் ஜெயித்தது. மேனேஜர் வைட்டி ஹெர்சாக் அந்த அணியை ஓட்டத்துக்கென்றே கட்டினார். அந்த வெற்றிக்குப் பிறகு திருட்டு வீண் என்று 1980-களில் யாரிடமும் சொல்லியிருக்க முடியாது.

6 ஜனவரி

ரெய்ன்ஸ் பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். நேஷனல் லீக் ரசிகர் ஒருவர் நினைவூட்டினார்.

1982 ரெய்ன்ஸுக்குக் கெட்ட வருடம். போதைப் பழக்கம். கொக்கெய்ன் குப்பியைப் பின் பையில் வைத்துக்கொண்டே ஆடியதாகவும், அது உடையாமல் இருக்கத் தலைமுன் சறுக்கியதாகவும் பின்னாளில் அவரே வெளிப்படையாகச் சொன்னார். முந்தைய வருடம் .304 இருந்த சராசரி .277-க்கு இறங்கியது. சீசன் முடிந்ததும் சிகிச்சைக்குப் போனார். 1983-இல் திரும்பி வந்து 90 திருடினார், 133 ரன் எடுத்தார். அப்புறம் புகழ் மன்றத்துக்குப் பத்து வருடம் காத்திருந்து, கடைசி வாய்ப்பில் 2017-இல் உள்ளே போனார்.

அவ்வளவு கெட்ட நிலையிலும் 100-க்கு 83 தப்பியிருக்கிறார். 22-ஆம் தேதி அவர் பெயரை வெறும் எண்ணாக எழுதிவிட்டுப் போனது எனக்கு உறுத்துகிறது.

11 ஜனவரி

ஒரு மாட்டலுக்கு 0.4 ரன் நஷ்டம் என்று நான் வைத்ததைப் பலர் பிடித்துக்கொண்டார்கள். சரிதான். நஷ்டத்தை 0.43 என்று வைத்தால் ரெய்ன்ஸ் 8.7, ரிக்கி 7.9. 0.38 என்று வைத்தால் ரிக்கி முன்னால் போகிறார். அந்தச் சமம் நான் வைத்த எண்ணால் வந்தது. கல்வெட்டு மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. இந்தக் கணக்கு ஓடியதை மட்டும் எண்ணுகிறது. ஓடாமல் நின்றதை எண்ணவில்லை. ரிக்கி முதல் பேஸில் நின்றால் பிட்சரின் பாதிக் கண் அவர்மேல். பிட்ச்-அவுட் கேட்டால் அது தவறான பந்துக் கணக்கில் சேரும், பேட்டருக்கு வாக்கை நோக்கி ஒரு படி. கேட்சர் விரைவாக எறிய வேண்டும் என்று வேகப் பந்தாகக் கேட்பார், வளைவுப் பந்து குறையும். ரிக்கிக்குப் பின்னால் ஆடிய ட்வேன் மர்ஃபி அந்த வருடம் 27 ஹோம் ரன் அடித்தார். மறுபக்கம், ரிக்கி ஓட வேண்டுமென்று அடிக்கக்கூடிய பந்துகளை மர்ஃபி விட்டுக்கொடுத்ததும் உண்டு. இரண்டையும் தராசில் வைத்தால் எந்தத் தட்டு இறங்கும் என்பது அந்தப் பந்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தவர்களுக்கே வெளிச்சம்.

ஓக்லாண்டு அந்த வருடம் 68 வெற்றி, 94 தோல்வி. நல்ல அணி இல்லை. அணி திருடிய 232-இல் 130 ஒருவருடையது. அந்த வருடம் டிக்கெட் வாங்கியவர்கள் எதைப் பார்க்க வந்தார்கள் என்று யோசியுங்கள். லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை என்று நான் எழுதிய அந்த 78 ஓட்டத்தைப் பார்க்கத்தான் வந்தார்கள்.

18 ஜனவரி

இத்தனை நாள் 1982-ஐயே பார்த்துக்கொண்டிருந்தேன், அடுத்த வரியைப் பார்க்கவில்லை.

1983, ரிக்கி: 108 திருட்டு, 19 மாட்டல். மிச்சம் 14.

ஒரே வருடத்தில் 42 பத்தொன்பதாக இறங்கியது. ஓட்டம் 172-இலிருந்து 127. தப்பியது 100-க்கு 85. ஆள் அதே ஆள், கால் அதே கால். மாறியது எப்போது ஓடுவது என்ற தெரிவு. 1985-இல் 80-க்கு 10, 1988-இல் 93-க்கு 13. அப்புறம் நான் பார்த்த அந்த 1998.

1982-இல் எல்லா பிட்சர்மேலும், எல்லாச் சூழலிலும் ஓடிப் பார்த்தார். யாருடைய எந்தக் குதிகால் எப்போது எழுகிறது என்பது 172 முறை ஓடியவருக்குத் தெரிவதுபோல 94 முறை ஓடியவருக்குத் தெரியாது. 42 அவுட் அந்தப் படிப்புக்குக் கட்டிய ஃபீஸ் என்று நான் நம்புகிறேன். இதை நிரூபிக்க என்னிடம் எண் இல்லை, 1982 வரியும் 1983 வரியும் மட்டும் இருக்கின்றன.

கேள்வி கேட்டவருக்கு: 1982-இல் யார் முதல் என்றால், மாற்றிக்கொள்கிறேன். ரிக்கி. 24-ஆம் தேதி எழுதியதை அழிக்காமல் விடுகிறேன், அதுவும் நான் நினைத்ததுதான்.

இந்தக் கணக்கில் எல்லாரையும் மிஞ்சுபவர் வின்ஸ் கோல்மன். 1986-இல் 107 திருட்டு, 14 மாட்டல், மிச்சம் 15.8, வில்ஸைவிடக் கொஞ்சம் அதிகம். ஆனால் அந்த வருடம் அவர் சராசரி .232. அவர் முதல் பேஸுக்கு வந்து சேர்வதே குறைவு. 1987-இல் அவர் 109 திருடியதற்குப் பிறகு 100-ஐ யாரும் தொடவில்லை. 1900-க்குப் பின் 100 கண்ட சீசன்கள் எட்டு, அதில் ரிக்கிக்கு மூன்று, கோல்மனுக்கு மூன்று, வில்ஸுக்கு ஒன்று, ப்ராக்குக்கு ஒன்று.

13 ஏப்ரல்

இழை ஆறிப்போய்விட்டது, ஆனாலும் இதை இங்கேதான் எழுதத் தோன்றுகிறது.

மகனுக்கு 13. அவர்கள் ஆடும் பிரிவில் பேஸுக்கு இடையே 70 அடி, லீட் எடுக்க அனுமதி உண்டு. ஸ்கோர் புத்தகம் எழுதுவது நான். மார்ச் முடிவில் அவன் ஏழு முறை ஓடி நான்கு முறை தப்பியிருந்தான், மூன்று மாட்டல். இரவு சாப்பாட்டின்போது 0.2, 0.4 கணக்கை அவனிடம் சொன்னேன். “அப்படியானால் நான் ஓடாமல் இருப்பதே அணிக்கு நல்லது, இல்லையாப்பா?” என்றான். எண்படி ஆமாம் என்றேன்.

அடுத்த இரண்டு ஆட்டத்திலும் அவன் ஓடவே இல்லை. முதல் பேஸில் கால் ஒட்டியதுபோல நின்றான். லீட்கூட ஒரு எட்டுதான். இரண்டாம் ஆட்டத்தில் எதிரணி பிட்சர் காலை மெதுவாக, உயரமாகத் தூக்கி வீசுபவன். அப்படிப்பட்டவன்மேல் ஓடாவிட்டால் வேறு யார்மேல் ஓடுவது? நான் வேலிக்கு இந்தப் பக்கம் பென்சிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்றிரவு அவனை உட்காரவைத்து 1982 வரியையும் 1983 வரியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் காட்டினேன். 130, 42. கீழே 108, 19. நான் எதுவும் சொல்லவில்லை. அவன் அந்த 42-இல் விரலை வைத்து, “இத்தனை தடவை அவுட் ஆகியும் அவரை உட்காரவைக்கவில்லையா?” என்று கேட்டான். இல்லை என்றேன்.

நேற்று ஆட்டம். மூன்றாம் இன்னிங்ஸில் வாக் வாங்கி வந்தான், மூன்று எட்டு லீட் எடுத்தான், இரண்டாவது பந்தில் ஓடினான். கேட்சர் நன்றாக எறிந்தான், ஷார்ட்ஸ்டாப் தொட்டுவிட்டான். புத்தகத்தில் 2-6 என்று எழுதினேன், கேட்சருக்கு 2, ஷார்ட்ஸ்டாப்புக்கு 6. அவன் தூசியைத் தட்டிக்கொண்டே அணியினர் உட்காரும் டக்-அவுட்டுக்கு வந்து, வேலி வழியாக என்னிடம், “அவன் இடது குதிகாலுக்கு முன்னால் முழங்கால் மடங்குகிறதுப்பா, அதைப் பார்க்கணும்” என்றான்.

ஐந்தாம் இன்னிங்ஸில் மறுபடி முதல் பேஸில் நின்றான். முதல் பந்திலேயே ஓடினான்.